ஆராய்ச்சி மாணாக்கருக்குத் துணை யார்?

நமது தேசத்தில் உயர்தரக் கல்வி பரவி வருகிறதென்று காட்டுதற்குச் சர்க்கார் அவ்வப்போது புள்ளி விவரங்களை வெளியிட்டு வருகின்றனர். 2021-22-ம் வருஷத்து அகில இந்திய உயர்கல்விக் கணக்கின்படி, கலாசாலைகளிலும் சர்வகலாசாலைகளிலும் பயில்வோர் தொகை ஏறக்குறைய 4 கோடியே 33 லக்ஷம். அவர்களுள் டாக்டர் பட்டத்தின் பொருட்டு ஆராய்ச்சி செய்வோர் 2 லக்ஷத்து 12 ஆயிரம் பேர். 2014-15-ல் இவர்கள் தொகை 1 லக்ஷத்து 17 ஆயிரமாகவே இருந்தது. ஏழு வருஷங்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் ஏறியிருக்கிறது. இவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்மணிகள் என்பது இன்னும் மகிழ்ச்சிக்குரிய செய்தி. ஒரு தலைமுறைக்கு முன் எழுத்தே நுழையாத குடும்பங்களிலிருந்தும், கிராமங்களிலிருந்தும், சேரிகளிலிருந்தும் இளைஞர்கள் இன்று ஆராய்ச்சிக் கூடங்களை எட்டியிருக்கின்றனர். சுதந்திரம் பெற்ற தேசம் பெருமை கொள்ளத்தக்க காரியந்தான்.

ஆனால், தொகை பெருகிய அளவுக்கு, இம்மாணாக்கர்களுக்கு நேரும் இடையூறுகளைப் பொறுமையுடன் கேட்டு, சட்டம் இன்னது, வழி இன்னது என்று எடுத்துரைக்கவும், வேண்டும்போது உடன் நின்று அவர்கள் பொருட்டுப் பேசவும் ஏற்பாடு ஏதேனும் பெருகியிருக்கிறதா என்று கேட்டால், இல்லை என்றே விடை கூற வேண்டியிருக்கிறது. இக்குறையைப்பற்றிப் பொதுஜனங்கள் கவனிக்க வேண்டுமென்பதே நமது கோரிக்கை.

ஒருவர் கையில் எல்லாம்

பி.ஏ. வகுப்பு மாணவனுக்கு ஆசிரியர் பலர். ஒருவர் மனம் கோணினும் மற்றொருவர் ஆதரிப்பார். பரீக்ஷையில் அவன் பெயரைக் கண்டு விடைத்தாளைத் திருத்துவாரில்லை. ஆராய்ச்சி மாணாக்கரின் நிலையோ முற்றிலும் வேறு. அவருடைய விஷயத்தை ஒப்புக்கொள்பவர், மாதந்தோறும் உபகாரச் சம்பளத்துக்கு அத்தாட்சிக் கையொப்பம் இடுபவர், ஆறு மாதத்துக்கு ஒருமுறை முன்னேற்ற அறிக்கையைச் சரிபார்ப்பவர், கட்டுரையைச் சமர்ப்பிக்க அனுமதி தருபவர், பரீக்ஷகர்களின் பெயர்களை யோசனை கூறுபவர், பின்னால் உத்தியோகத்துக்குச் சிபார்சுக் கடிதம் எழுதுபவர் ஆகிய யாவரும் பெரும்பாலும் ஒருவரே. அவரே வழிகாட்டிப் பேராசிரியர்.

பெரும்பாலான பேராசிரியர்கள் கண்ணியம் வாய்ந்தவர்கள் என்பதையும், தம் மாணாக்கரைத் தம் மக்களினும் மேலாகப் பேணுவோர் பலர் உளர் என்பதையும் நாம் மறுக்கவில்லை. அப்படிப்பட்டவர்களை அடைந்தோர் பாக்கியசாலிகள். ஆயினும், ஒரு மனிதனுடைய ஆறு வருஷ உழைப்பும் அதன் பின்வரும் வாழ்நாளும் மற்றொருவருடைய நல்ல குணம் ஒன்றையே நம்பியிருக்க வேண்டுமென்பது நியாயமான ஏற்பாடன்று. அரசன் நல்லவனாயிருந்தால் பிரஜைகளுக்குச் சட்டம் எதற்கு என்று கேட்டவர்களுக்கு நமது தேசம் எப்பொழுதோ விடை கூறிவிட்டது. கலாசாலைக்குள் மட்டும் அந்தப் பழைய வாதம் இன்னும் செல்லுபடியாகி வருகிறது.

அந்தத் தனி அதிகாரம் தவறான கையிற் சேரும்போது நடப்பவை யாவை? வீட்டு வேலைகளும் கடை வேலைகளும் மாணாக்கர் தலையில் விழுகின்றன. ஆசிரியருடைய வகுப்புகளை ஊதியமின்றி நடத்த வேண்டியிருக்கிறது. மாணாக்கர் எழுதிய கட்டுரையில் உழைக்காதவர் பெயர் முன்னே ஏறுகிறது. வாய்மொழிப் பரீக்ஷை நாளன்று வெளியூரிலிருந்து வரும் பரீக்ஷகருக்குத் தங்குமிடம், விருந்து, பரிசு ஆகியவற்றின் செலவெல்லாம் மாணாக்கர் பொறுப்பென்பது நமது மாகாணத்தில் பல இடங்களில் எழுதப்படாத விதியாகிவிட்டதென்று வருத்தத்துடன் பேசிக்கொள்கிறார்கள். பெண் மாணாக்கர்களுக்கு நேரும் கொடுமை இவற்றினும் பெரிது. இவை எதையும் வாய்விட்டுச் சொன்னால் பட்டம் போய்விடும் என்ற அச்சம் எல்லோரையும் ஊமையாக்குகிறது. இந்த மௌனத்தைத் திருப்தியென்று அதிகாரிகள் எடுத்துக்கொள்வது பெருந்தவறு.

பணக் கஷ்டம்

இனி, பண விஷயம். தேசிய தகுதிப் பரீக்ஷையில் தேறி உபகாரச் சம்பளத்துக்குத் தெரிந்தெடுக்கப்பட்டவர்களுக்கு 2023-ம் வருஷம் ஜனவரி முதல் மாதம் ரூ. 37,000 என்றும், மேல்நிலையில் ரூ. 42,000 என்றும் உயர்த்தப்பட்டது. அதற்கு முன் 2019-ல் நிர்ணயித்த தொகை ரூ. 31,000-மும் ரூ. 35,000-மும் ஆகும். இந்த உயர்வுகள் தாமாக வந்தவையல்ல. ஆராய்ச்சி மாணாக்கர்கள் ஊர் ஊராகக் கூடி மகஜர் அனுப்பியும் வீதியில் நின்றும் கேட்ட பிறகே வந்தன.

ஆனால் இப்பரீக்ஷை வழியாக வாராத மாணாக்கருக்கு மத்திய சர்வகலாசாலைகளில் அளிக்கப்படும் தொகை மாதம் ரூ. 8,000. இத்தொகை 2012-ல் நிர்ணயிக்கப்பட்டது. பத்து வருஷத்துக்கு மேல் கடந்தும், அரிசி விலையும் அறை வாடகையும் எங்கோ ஏறியும், இத்தொகை நின்ற இடத்திலேயே நின்றது. போதாக்குறைக்கு 2015 அக்டோபரில் இதையும் நிறுத்திவிடச் சர்வகலாசாலை மானியக் கமிஷன் தீர்மானித்தது. டில்லியில் கமிஷன் காரியாலயத்தின் முன் மாணாக்கர்கள் இரவு பகலாகக் கிடந்து போராடிய பின்னரே இது தொடர்ந்து கிடைத்து வந்தது. சிறுபான்மைச் சமூகத்தாருக்கென இருந்த மௌலானா ஆஸாத் உபகாரச் சம்பளம் 2022-23 முதல் நிறுத்தப்பட்டது. அதற்கு அவ்விதத் தப்புதலும் கிடைக்கவில்லை.

தொகை குறைவு என்பது ஒரு கஷ்டம். ஒப்புக்கொண்ட தொகை உரிய காலத்தில் வாராமை அதனினும் பெரிய கஷ்டம். அத்தாட்சி இன்னும் போகவில்லை என்பர் ஓரிடத்தில். போய்விட்டது, மேலிடத்தில் பணம் இல்லை என்பர் மற்றோரிடத்தில். மாணாக்கர் இரண்டுக்கும் நடுவே அலைவர். ஹைதராபாத் மத்திய சர்வகலாசாலையில் ஆராய்ச்சி செய்துவந்த ரோஹித் வேமுலா 2016-ம் வருஷம் ஜனவரி 17-ந் தேதி உயிர் நீத்த செய்தி தேசத்தையே கலக்கியது. தமக்கு ஏழு மாதத்து உபகாரச் சம்பளம், 1 லக்ஷத்து 75 ஆயிரம் ரூபாய், வரவேண்டியிருக்கிறதென்று அவர் தம் கடைசிக் கடிதத்தில் எழுதி வைத்திருந்தார். அவ்விளைஞர் மரணத்துக்குக் காரணங்கள் யாவை என்பதுபற்றிப் பல விசாரணைகளும் பல வாதங்களும் நடந்தன. அவற்றுள் நாம் இங்கே புகவில்லை. அந்தப் பாக்கித் தொகையை முன்னிட்டு அவர் சார்பில் காரியாலயத்துப் படியேறி விடாமற் கேட்பதற்கு, அதையே கடமையாகக் கொண்ட ஒருவர் இருந்தாரா என்பது மட்டுமே நமது வினா.

விதிகள் உள, அறிவார் இலர்

இவ்விஷயங்களுக்கு விதியே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். விதிகள் தாராளமாக இருக்கின்றன. 2022 நவம்பரில் பிரசுரமான டாக்டர் பட்ட விதிகளின்படி, பேராசிரியர் ஒருவர் ஒரே காலத்தில் 8 பேருக்குமேல் வழிகாட்டலாகாது. இணைப் பேராசிரியருக்கு 6 பேர், உதவிப் பேராசிரியருக்கு 4 பேர் என்பது வரம்பு. ஆராய்ச்சிக் காலம் குறைந்தது 3 வருஷம், அதிகபக்ஷம் 6 வருஷம். அதன்மேல் மறுபதிவினால் 2 வருஷம் வரை நீட்டிக்கலாம். பெண்களுக்கும், நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் அங்கக்குறை உள்ளவர்களுக்கும் இன்னும் 2 வருஷம் உண்டு. பெண் மாணாக்கருக்குப் பிரசவத்தின் பொருட்டும் குழந்தை வளர்ப்பின் பொருட்டும் 240 நாள் வரை விடுமுறை உண்டு. விவாகத்தினாலோ வேறு காரணத்தாலோ அவர் வேற்றூர் செல்ல நேர்ந்தால், தமது ஆராய்ச்சியைப் புதிய ஸ்தாபனத்துக்கு எடுத்துச் செல்லவும் வழி செய்யப்பட்டிருக்கிறது. முன்னேற்றம் போதாதென்று ஆலோசனைக் கமிட்டி கருதினால், காரணங்களை எழுத்தில் குறித்துத் திருத்தத்துக்கு வழி சொல்ல வேண்டும். வெறுங்கையால் பெயரை நீக்கிவிட முடியாது. கட்டுரை சமர்ப்பித்தபின் பரீக்ஷை முழுவதையும் 6 மாதத்துக்குள் முடிக்க வேண்டும்.

இந்த ஆறு மாதம் என்ற கெடுவைக் கேட்டவுடன், இரண்டு வருஷம் காத்திருந்த மாணாக்கர் பலர் கசப்புடன் நகைப்பர். இப்படி ஒரு விதி இருப்பதே அவர்களுள் பாதிப்பேருக்குத் தெரிந்திராது. அசல் சர்டிபிகேட்டுகளைக் கலாசாலை பிடித்து வைத்துக்கொள்ளலாகாது என்று 2018-ல் கமிஷன் அறிவித்ததும் அப்படியே. பெண்களுக்கு நேரும் தீங்குகளை விசாரிக்கும் உள் கமிட்டியில், மாணாக்கர் சம்பந்தப்பட்ட வழக்காயின், ஆராய்ச்சி மாணாக்கரின் பிரதிநிதி உள்ளிட்ட மூன்று மாணவப் பிரதிநிதிகள், தேர்தல் மூலம் வந்தவர்களாக, இருக்க வேண்டுமென்று 2015-ம் வருஷத்து விதி கூறுகிறது. எத்தனை கலாசாலைகளில் அத்தகைய தேர்தல் நடந்திருக்கிறதென்று நமது வாசகர்கள் தத்தம் ஊரில் விசாரித்துப் பார்க்கட்டும்.

விதி ஆங்கிலத்தில், கெஜட்டில், பல பக்கங்களில் கிடக்கிறது. கிராமத்திலிருந்து வந்த முதல் தலைமுறை மாணவி அதைத் தேடிப் படித்து, தமக்குப் பொருந்தும் பகுதியைக் கண்டு, மனு எழுதிக் கேட்பார் என்று எதிர்பார்ப்பது அநியாயம். சொல்லிக் கொடுப்பார் இருக்க வேண்டும்.

திறந்த வாசலும் நிற்க ஆளில்லாமையும்

2023 ஏப்ரலில் மானியக் கமிஷன் மாணாக்கர் குறைதீர்க்கும் விதிகளைத் திருத்தி வெளியிட்டது. ஒவ்வொரு ஸ்தாபனத்திலும் குறைதீர்க்கும் கமிட்டி இருக்க வேண்டும். அதன் அங்கத்தினருள் பெண் ஒருவரும், தாழ்த்தப்பட்ட அல்லது பிற்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர் ஒருவரும் இருக்க வேண்டும். கமிட்டி 15 வேலை நாட்களுக்குள் தன் சிபார்சைத் தெரிவிக்க வேண்டும். அதில் திருப்தியில்லாதவர் 15 நாட்களுக்குள் சர்வகலாசாலையின் குறைகேள் அதிபரிடம் மேல்முறையிடலாம். அவர் ஓய்வுபெற்ற வைஸ்-சான்ஸலராகவோ, பேராசிரியராகவோ, ஜில்லா ஜட்ஜாகவோ இருக்க வேண்டும். 30 நாட்களுக்குள் தீர்க்க முயல வேண்டும்.

ஏட்டில் இவ்வளவும் அழகாகவே இருக்கிறது. நடைமுறையோ வேறு. விதி பிரசுரமாகி ஒரு வருஷத்துக்கு மேல் கழிந்து, 2024 ஜூனில் கமிஷனே ஒரு ஜாபிதா வெளியிட்டது. குறைகேள் அதிபரை நியமிக்காத சர்வகலாசாலைகள் அப்போதும் 157 இருந்தன. அவற்றுள் 108 ராஜ்ய சர்க்கார்களின் சர்வகலாசாலைகள். தனியாரை மட்டும் குற்றம் கூறிப் பயனில்லை என்பது இதனால் விளங்கும்.

நியமித்த இடங்களிலும் கமிட்டி அங்கத்தினர் யார்? அதே ஸ்தாபனத்துப் பேராசிரியர்கள். எவர்மீது குறை கூறப்படுகிறதோ அவரோடு நாள்தோறும் உடனிருந்து காப்பி அருந்துபவர்கள். அவர்கள் நேர்மையாகவே நடந்துகொண்டாலும், இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் அவர்கள் முன்னே தனியாக நின்று, தேதியும் ஆதாரமும் வரிசையாகக் காட்டி, விதியை எடுத்துக் கூறி வாதாடுவது எளிதன்று. ஒரு பக்கத்தில் அனுபவம், பதவி, ஆபீஸ் கோப்புகள் யாவும் இருக்கின்றன. மறு பக்கத்தில் நடுங்கும் கையில் ஒரு மனு.

இங்கே கவனிக்க வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்றுண்டு. மேற்படி விதிகளிலேயே, குறை கூறும் மாணாக்கர் நேரில் வரலாம், அல்லது தம் வழக்கை எடுத்துக் கூறப் பிரதிநிதி ஒருவருக்கு அதிகாரம் அளிக்கலாம் என்று கண்டிருக்கிறது. சட்டம் வாசலைத் திறந்துதான் வைத்திருக்கிறது. அந்த வாசலில் மாணாக்கருக்காக நிற்பதற்குத் தேர்ந்த மனிதர் ஒருவரும் இல்லை என்பதே குறை. அக்குறை நீங்க வேண்டுமானால், ஒவ்வொரு சர்வகலாசாலையிலும் மாணாக்கர் ஆலோசனைச் சபை ஒன்று, நிர்வாகத்தின் பிடிக்கு அப்பாற்பட்டதாக, ஏற்பட வேண்டும்.

ராமானுஜன் அடைந்த உதவி

இது மேனாட்டு நாகரிகம் என்று சிலர் ஒதுக்குவர். அவர்களுக்கு நமது சென்னையிலேயே நடந்த ஒரு சரித்திரத்தை நினைவூட்டுகிறோம். ஸ்ரீநிவாஸ ராமானுஜன் எப்.ஏ. பரீக்ஷையில் தவறியவர். பட்டம் கிடையாது. உத்தியோகம் கிடையாது. நோட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உதவி தேடி அலைந்தவர். நெல்லூர்க் கலெக்டராயிருந்த திவான் பகதூர் ராமச்சந்திர ராவ் அவர் திறமையைக் கண்டு மாதந்தோறும் தம் சொந்தப் பணத்தை உதவினார். 1912-ல் துறைமுக டிரஸ்டில் மாதம் ரூ. 30 சம்பளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. அங்கே மேலதிகாரியாயிருந்த நாராயண ஐயர், தாமும் கணித வல்லுநர் ஆனமையால், அவர் பெருமையைத் தலைவர் ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங்குக்கு இடைவிடாது எடுத்துரைத்து வந்தார். 1913 பிப்ரவரியில் சென்னைக்கு வந்த வானிலை நிபுணர் கில்பர்ட் வாக்கர், ராமானுஜனுக்கு உபகாரச் சம்பளம் அளிக்குமாறு சென்னைச் சர்வகலாசாலைக்கு எழுதினார். கணிதப் பாடக் குழுவும் அதை ஆதரித்தது. பட்டம் பெறாதவருக்கு ஆராய்ச்சிச் சம்பளம் எப்படித் தருவது என்ற தடை எழுந்தது. அத்தடையையும் தாண்டி, 1913 மே முதல் மாதம் ரூ. 75 கொடுக்கச் சர்வகலாசாலை இசைந்தது. அவர் 1914 மார்ச்சில் சீமைக்குக் கப்பலேறியதும், 1918-ல் ராயல் சொஸைட்டி அங்கத்தினரானதும் உலகறிந்த கதை.

இக்கதையைச் சொல்லும்போது ஹார்டி துரையின் பெயரைச் சொல்லி நிறுத்திவிடுவது வழக்கம். ஹார்டியின் பதில் வந்திராவிட்டால் பின்னர் நடந்தது நடந்திராது என்பது உண்மையே. ஆயினும், விதி குறுக்கே நின்றபோது, இவருக்காக நாங்கள் பேசுகிறோம் என்று முன்வந்த நாலைந்து பேர் சென்னையிலேயே இருந்தனர். அவர்கள் ராமானுஜனுக்குக் கணிதம் கற்பிக்கவில்லை. அவருக்கும் அதிகாரத்துக்கும் நடுவே நின்று வழக்குரைத்தனர். ரூ. 30 வாங்கிய குமாஸ்தா ரூ. 75 பெற்று, பசியும் கணக்குப் பேரேடும் தொல்லை செய்யாமல் கணிதம் ஒன்றிலேயே மூழ்க முடிந்தது அதனாலேதான். ராமானுஜனுக்குத் துணை தற்செயலாகக் கிடைத்தது. துணை கிடைக்காமல் மறைந்துபோன ராமானுஜர்கள் எத்தனை பேரோ, அவர்கள் பெயரைச் சரித்திரம் எழுதி வைக்கவில்லை. 2 லக்ஷம் பேர் ஆராய்ச்சி செய்யும் தேசத்தில் இதைத் தற்செயலுக்கு விட்டுவிடலாகாது.

பிற தேசங்களில்

பிற தேசத்தார் இதைத் தற்செயலுக்கு விடவில்லை. ஆஸ்திரேலியாவில் சிட்னி சர்வகலாசாலையில் முதுகலை மாணாக்கர்களுக்கெனத் தனிச் சங்கம் உண்டு. அச்சங்கம் ஆலோசகர்களைச் சம்பளத்துக்கு நியமித்து, கட்டணத் தகராறு, பரீக்ஷை மேல்முறையீடு, வழிகாட்டியோடு ஏற்படும் பிணக்கு, வீட்டு வாடகைச் சிக்கல் ஆகியவற்றில் மாணாக்கருக்கு ரகசியமாக யோசனை கூறி, விசாரணைகளுக்கும் உடன் செல்லச் செய்கிறது. இந்த ஏற்பாடும் சுகமாக வளர்ந்ததன்று. மாணாக்கர் சங்கங்களுக்குக் கட்டாயச் சந்தா வசூலிக்கலாகாதென்று அந்நாட்டுச் சர்க்கார் செய்த சட்டம் 2006-ல் அமலுக்கு வந்தது. சங்கங்கள் பல நலிந்தன. 2011-ல் வேறு சட்டம் செய்து, 2012 முதல் மாணாக்கர் ஒருவருக்கு 263 டாலருக்கு மேற்படாத சேவைக் கட்டணம் வசூலிக்க அனுமதித்தனர். அதன்மேல் 2025 பிப்ரவரி 1-ந் தேதி முதல் தேசம் முழுவதற்கும் மாணாக்கர் குறைகேள் அதிபர் ஒருவர் வேலை தொடங்கினார்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2004-ம் வருஷத்து உயர்கல்விச் சட்டத்தின் கீழ், சர்வகலாசாலைகளுக்கு அப்பாற்பட்ட தனி நடுவர் காரியாலயம் ஒன்று அமைந்தது. உள் விசாரணையில் நியாயம் கிடைக்காத மாணாக்கர் செலவின்றி அங்கே முறையிடலாம். அங்கெல்லாம் கல்வியின் தரம் இதனால் கெட்டுவிட்டதென்று எவரும் கூறக் கேட்டிலோம்.

ஆக்ஷேபங்களும் சமாதானமும்

இதற்கு நம்மவர் கூறக்கூடிய ஆக்ஷேபங்கள் மூன்று. குரு சிஷ்ய பாவம் கெட்டுவிடும் என்பது முதலாவது. குருகுலத்தில் குருவுக்குச் சம்பளமில்லை, சிஷ்யனுக்கு உபகாரச் சம்பளப் பத்திரமும் இல்லை. இன்று இருவரும் சர்க்கார் பணத்தில், சர்க்கார் விதியின் கீழ் நடக்கிறவர்கள். விதியை மதிப்பது பக்திக்கு விரோதமன்று. சொல்லப்போனால், சிறு மனத்தாங்கல் தொடக்கத்திலேயே நடுநிலையாளர் ஒருவர் காதில் விழுந்தால், இருவரையும் வைத்துப் பேசித் தீர்த்துவிடலாம். முற்றவிட்ட பிறகு ஹைக்கோர்ட்டுக்கோ பத்திரிகைகளுக்கோ போவதைக் காட்டிலும் குருவுக்கே இது கௌரவம்.

சோம்பேறிகளும் விஷமிகளும் இதைப் பயன்படுத்திப் பொய் வழக்குத் தொடுப்பார்கள் என்பது இரண்டாவது. பொய்க் குறை கூறினவர்மீது நடவடிக்கைக்குச் சிபார்சு செய்யக் குறைகேள் அதிபருக்கு அதிகாரம் உண்டு. விசேஷமான முறைகேடு காட்டினாலன்றி மறுமதிப்பீட்டு மனுவை அவர் ஏற்கவும் மாட்டார். ஆதலால், மனு எழுதுமுன்னே, "தம்பி, உன் வழக்கில் சாரமில்லை; இதை விடு; படிப்பைப் பார்" என்று சொல்லக்கூடிய அனுபவசாலி ஒருவர் இருப்பது அவசியமாகிறது. நல்ல வக்கீல் ஜெயிக்கிற வழக்கை எடுத்து நடத்துவதோடு, தோற்கிற வழக்கைக் கோர்ட்டுக்குப் போகாமலும் தடுக்கிறார்.

பணமில்லை என்பது மூன்றாவது. சர்வகலாசாலை ஒன்றில் முதுகலை மாணாக்கரும் ஆராய்ச்சி மாணாக்கரும் சேர்ந்து 5,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு வருஷம் ரூ. 300 எடுத்து வைத்தால் ரூ. 15 லக்ஷம் சேரும். மாதம் ரூ. 50,000 சம்பளத்தில் இரண்டு ஆலோசகர்களை அமர்த்த ரூ. 12 லக்ஷம் ஆகும். மிச்சம் ரூ. 3 லக்ஷம் காரியாலயச் செலவுக்குப் போதும். மாணாக்கரிடம் ஏற்கெனவே வசூலிக்கும் பலவகைக் கட்டணங்களிலிருந்தே இதை ஒதுக்கிவிடலாம். புதிதாக ஒரு காசும் வாங்க வேண்டியதில்லை.

செய்ய வேண்டுவன

ஆகவே நாம் வற்புறுத்துவன இவை. முதலாவதாக, ராஜ்ய சர்க்கார் தம் ஆதிக்கத்திலுள்ள எல்லாச் சர்வகலாசாலைகளிலும் குறைகேள் அதிபர் பதவி காலியில்லாமல் இருக்கச் செய்ய வேண்டும். எத்தனை குறைகள் வந்தன, எத்தனை தீர்ந்தன, எத்தனை நாளாயின என்ற கணக்கை, பெயர்களை நீக்கி, வருஷந்தோறும் வெளியிடச் செய்ய வேண்டும்.

இரண்டாவதாக, ஆலோசனைச் சபை ஒவ்வொரு சர்வகலாசாலையிலும் ஏற்பட வேண்டும். அதன் ஆலோசகர்களை நியமிப்பதும் நீக்குவதும், தேர்தல் மூலம் வந்த மாணாக்கர் பிரதிநிதிகளும் வெளியிலிருந்து வரும் பொதுமனிதர்கள் சிலரும் சேர்ந்த கமிட்டியின் பொறுப்பாயிருக்க வேண்டும். ரிஜிஸ்திராரின் தயவில் வாழும் ஆலோசகரால் மாணாக்கருக்கு யாதொரு பயனுமில்லை. அவரிடம் சொன்னது வெளியே போகலாகாது என்பதும் விதியாக வேண்டும்.

மூன்றாவதாக, மாணாக்கரைத் தொடும் விதிகள் யாவற்றையும் எளிய தமிழில் சிறு புத்தகமாக அச்சிட்டு, சேர்க்கை நாளன்றே ஒவ்வொருவர் கையிலும் கொடுக்க வேண்டும். சட்டக் கலாசாலைகளின் இலவசச் சட்ட உதவி நிலையங்களும், 1987-ம் வருஷத்துச் சட்டத்தால் ஏற்பட்ட ஜில்லா சட்டப் பணிக் குழுக்களும் இதற்குக் கைகொடுக்கலாம். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் மலைவாசிகளுக்கும் அக்குழுக்களில் வருமான வரம்பின்றி இலவச உதவி பெற உரிமையுண்டு என்பதைப் பல மாணாக்கர் அறியார்.

இவை நடக்கும் வரையில் மாணாக்கர் வாளா இருக்க வேண்டுமென்பதில்லை. வாய்மொழியாக வந்த உத்தரவை அன்றைக்கே கடிதமாக எழுதி, தாங்கள் கூறியதை இவ்வாறு புரிந்துகொண்டேன் என்று மரியாதையுடன் அனுப்பி வைக்க வேண்டும். ஆலோசனைக் கமிட்டிக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்க வேண்டும். சமர்ப்பித்த ஒவ்வொரு காகிதத்துக்கும் தேதியிட்ட ரசீது பெற வேண்டும். அத்தாட்சி என்று போயிற்று, கோப்பு எந்த மேஜையில் இருக்கிறதென்று பதில் கிடையாதபோது, 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ரூ. 10 செலுத்தி மனுச் செய்யலாம். மேல்முறையீட்டுக்குரிய 15 நாளைத் தவறவிடலாகாது. எல்லாவற்றிற்கும் மேலாக, ஒரு துறையிலுள்ள பத்துப் பேரும் ஒருவர் கஷ்டத்தை மற்றவர் கஷ்டமாக எண்ணிக் கூடி நிற்க வேண்டும். தனியாகக் கேட்பவனைப் பயமுறுத்தலாம். பத்துப் பேர் கையொப்பமிட்ட மகஜரைக் குப்பைக் கூடையில் போடுவது கடினம்.

தேச காரியத்தில் ஈடுபட்டுள்ள நமது வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. தேர்தல் காலத்தில் மாணாக்கரை ஊர்வலத்துக்கு அழைக்கத் தெரிந்த கட்சிகள், அவர்கள் சம்பளப் பாக்கிக்காக ஒருநாள் சர்வகலாசாலைப் படியேறியதுண்டா? செனட்டிலும் சிண்டிகேட்டிலும் சட்டசபையிலும் இடம் பெற்றிருப்போர் இவ்வருஷத்திலேயே இக்கேள்வியை எழுப்பட்டும். உங்கள் ஜில்லாவிலுள்ள சர்வகலாசாலையில் குறைகேள் அதிபர் யார், அவர் எந்த நாளில் எந்த அறையில் அமர்கிறார் என்று விசாரித்து, அந்த விவரத்தை மாணாக்கர் விடுதிகளின் சுவரில் எழுதி ஒட்டுங்கள். அப்படி ஒருவர் இல்லையென்று தெரிந்தால், இல்லையென்பதையே எழுதி ஒட்டுங்கள். அதன்பின் அதிகாரிகள் தாமாகவே அசைவார்கள்.